நோயாளியின் ராஜினாமா: ஒரு வரவுக் கணக்கு

ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலை. மாதம் 18,000 ரூபாய் வாங்கும் தொழிலாளி ஒருவரைக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். சர்வீஸ் 4 வருடம். 18,000 முழுவதும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்தான். சிறுநீரகம் செயலிழந்து, வாரம் 3 முறை டயாலிசிஸ் என்று டாக்டர் சொல்லிவிட்டார். “உடம்பைப் பாருங்க, எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, செட்டில்மென்ட்டை உடனே போட்டுடறோம்” என்கிறார் எச்.ஆர். கரிசனமாகத்தான் காதில் விழும். அதற்கு ரூபாயில் என்ன விலை என்று பார்ப்போம்.

முதலில் செலவு. 2019 ஜூலையிலிருந்து இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். நம் ஆளுக்குப் பிடித்தம் மாதம் 135 ரூபாய். கம்பெனி கட்டுவது 585. நாலு வருடத்தில் அவர் பையிலிருந்து போனது 6,480 ரூபாய்.

இனி வரவு. தினச் சம்பளம் 600 என்று கொண்டால், இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி சர்டிபிகேட்டோடு விடுப்பில் இருக்கும் நாளுக்கு அதில் 70 சதவீதம், அதாவது 420 ரூபாய். வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும்: 38,220. புதிதாக நோய்வாய்ப்படும்போது முதல் 2 நாளுக்குப் பணம் இல்லை. சம்பளத்தோடு லீவு போட்ட நாளுக்கும் இல்லை. உரிய ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாளுக்காவது சந்தா ஏறியிருக்க வேண்டும்.

பெரும்பாலானோர் கணக்கை இந்த 91 நாளோடு மூடிவிடுகிறார்கள். பெரிய தொகை அதற்கப்புறம்தான் இருக்கிறது. காசநோய், புற்றுநோய், பக்கவாதம், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உள்ளிட்ட 34 நோய்களுக்கு ‘நீட்டித்த நோய்க்காலப் பயன்’ என்று தனியாக ஒன்று உண்டு. அதில் விகிதம் 70லிருந்து 80 சதவீதமாக ஏறுகிறது. நம் ஆளுக்கு நாளொன்றுக்கு 480. முதல் கட்டமாக 124 நாளுக்கு 59,520 ரூபாய். 309 நாள் வரை போனால் 1,48,320. முன்பு சொன்ன 38,220ஐயும் சேர்த்தால் 1,86,540. மருத்துவக் குழு ஒப்புக்கொண்டால் 730 நாள் வரை இழுக்கலாம். அப்போது இந்தப் பயன் மட்டுமே 3,50,400. நிபந்தனை: தொடர்ந்து 2 வருட வேலை, முந்தைய நாலு சந்தா காலங்களில் 156 நாள் சந்தா. இவர் இரண்டையும் தாண்டியவர். 6,480 கட்டியவருக்கு லட்சக்கணக்கில் வரவேண்டிய பணம் இது. கேட்கத் தெரியாததாலேயே பலருக்கு வராமல் போகிறது.

“அதுவரை வேலையில் வைத்திருப்பார்களா?” நியாயமான கேள்வி. நோய்க்காலப் பயன் வாங்கும் காலத்தில் வேலைநீக்கம் கூடாது, அப்போது கொடுக்கும் நோட்டீசும் செல்லாது என்றது 2025 நவம்பர் வரை அமலில் இருந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவு. நோயால் வராதவரை நோட்டீஸ் கொடுத்து நிறுத்தவே தொடர்ந்து 6 மாதம் கடக்க வேண்டும். காசநோய், தொழுநோய் போன்ற நெடுநாள் நோய்களுக்கு 18 மாதம். எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தத் தடை எதுவும் முதலாளிக்கு இல்லை. எச்.ஆரின் அவசரத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து பணிக்கொடை. ஐந்து வருடம் முடியாமல் ராஜினாமா செய்தால் பூஜ்யம். ஆனால் இறப்பு, இயலாமை இரண்டுக்கும் ஐந்து வருட விதி கிடையாது. விபத்தால் மட்டுமல்ல, நோயால் பழைய வேலையைச் செய்ய முடியாமல் போனாலும் அது இயலாமைதான். 18,000ஐ 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, 4ஆல் பெருக்கினால் 41,538 ரூபாய். கடிதத்தில் ‘சொந்தக் காரணங்களால்’ என்று எழுதினால் இந்தத் தொகையைக் கேட்க வழி அடைபடும். பி.எப்.பிலும் இதே கதை. ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் வரி உண்டு, தொகை 50,000ஐ எட்டினால் 10 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். உடல்நலக் குறைவால் வேலை போனது என்று பதிவாகியிருந்தால் அந்த வரி இல்லை.

தேதியும் காசுதான். ஏப்ரல் 1இல் தொடங்கும் சந்தா காலத்தில் 78ஆவது நாள் ஜூன் 17. அதுவரை சந்தா ஏறியிருந்தால் மருத்துவ வசதி அடுத்த வருடம் ஜூன் 30 வரை இருக்கும். ஜூன் 16இல் விலகினால் இந்த டிசம்பர் 31 வரைதான். ஒரு நாள் வித்தியாசம், ஆறு மாத டயாலிசிஸ்.

சட்டம் எல்லா இடத்திலும் நோயாளி பக்கம் நிற்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆள் அதிகம் என்று நிறுத்தினால் வருடத்துக்கு 15 நாள் சம்பளம், இவருக்குச் சுமார் 36,000 ரூபாய் இழப்பீடு. தொடர்ந்த நோய்க்காக நிறுத்தினால் அது ஆட்குறைப்பே அல்ல என்று 2025 நவம்பர் வரை அமலில் இருந்த தொழில் தகராறு சட்டம் விலக்கி வைத்திருந்தது, அதன்படி இழப்பீடு இருக்கவில்லை. இ.எஸ்.ஐ.யின் வேலையின்மைப் படி முதல் 12 மாதம் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம். பைக் விபத்தில் 40 சதவீத நிரந்தர ஊனமாகி வேலை இழந்தவருக்கு அது உண்டு; விதியில் உள்ளது காயம் என்பதால் சிறுநீரகம் போனவர் அதில் வரமாட்டார். இதற்குச் சமாதானம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் தீர்ந்தபின் மிஞ்சுவது சொற்பம். வேலையில் இருக்கும்போதே முழு நிரந்தர இயலாமை என்று முடிவானால் பி.எப். ஓய்வூதியம்: 15,000 பெருக்கல் 4, வகுத்தல் 70 என்றால் 857 வரும், குறைந்தபட்சம் என்று 1,000 ஆக்கித் தருவார்கள். முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு, ஆனால் வருமான வரம்பு 1,20,000. சம்பளம் வாங்கியவரை இவருக்கு வருடம் 2,16,000 என்பதால், வேலை போன பிறகு புது வருமானச் சான்றோடுதான் போய் நிற்க வேண்டும்.

ஆகவே எச்.ஆர். காகிதத்தை நீட்டினால் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் டிஸ்பென்சரி சர்டிபிகேட், அடுத்து இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம். நோய் அந்த 34இல் இருக்கிறதா என்று அங்கே கேளுங்கள்.