விமானியும் சங்கமும்

கருங்காலி என்பது ஒரு மரத்தின் பெயர். வைரம் பாய்ந்த அம்மரத்திலே கோடரிக்குக் காம்பு செய்வர். மரமாய்ப் பிறந்தும் மரத்தை வெட்டுதற்குத் துணைபோகும் அக்காம்பை நினைந்தே, வேலைநிறுத்தக் காலத்தில் தோழரைப் பிரிந்து வேலைக்குச் செல்பவனைக் கருங்காலி என்று அழைக்கலாயினர் என்பர். துறைமுகத்திலும் தோட்டத்திலும் புகைவண்டிப் பகுதியிலும் கேட்டுப் பழகிய இச்சொல்லின் பொருளை, வானத்திலே தொழில் புரியும் விமானிகளிடையே வைத்து இன்று ஆராய்வோம்.

நேயர்களே, விமானிகள் உயர்ந்த சம்பளம் பெறுவோர். தனித்து முடிவெடுக்கப் பயின்றோர். புயலிலே இறங்குவதா, திரும்பிச் செல்வதா என்பதை நொடிப்பொழுதில் தீர்மானிப்பவர்கள் அவர்கள். அத்தகையோர் வேலைநிறுத்த நாளில் மட்டும் தம் தீர்ப்பைச் சங்கத்திடம் ஒப்படைத்துவிட வேண்டுமா? வாக்கெடுப்பில் தோற்ற சிறுபான்மையினருக்கும் பெரும்பான்மையின் முடிவு கட்டளையாகுமா? சங்கத்துக்கு விசுவாசமா, தனிமனிதனின் சுதந்திரமா என்ற இவ்வினா விமானிகளிடையே பல ஆண்டுகளாக நட்பைப் பிரித்திருக்கின்றது, குடும்பங்களை வருத்தியிருக்கின்றது.

இதனை விளங்கிக்கொள்ளுதற்கு முதலில் அறியவேண்டியது சேவைமூப்புப் பட்டியல் என்பதாகும். பெரிய விமானக் கம்பனியொன்றில் ஒருவர் விமானியாகச் சேரும்பொழுதே அவருக்கு ஓர் இலக்கம் கிடைக்கின்றது. முன்னே சேர்ந்தவருக்கு முன் இலக்கம். பின்னே சேர்ந்தவருக்குப் பின் இலக்கம். துணை விமானி எப்பொழுது தலைமை விமானியாவார், எந்த வகை விமானத்தை ஓட்டுவார், எந்த நகரத்தைத் தளமாகக் கொள்வார், பண்டிகை நாளில் வீட்டில் இருப்பாரா, வானில் இருப்பாரா என்பவற்றையெல்லாம் பெரும்பாலும் அந்த இலக்கமே தீர்மானிக்கின்றது. ஆட்குறைப்பு வந்தால் பட்டியலின் அடியில் உள்ளவரே முதலில் வெளியேறுவார்.

இதில் இரு உண்மைகள் அடங்கியுள்ளன. ஒன்று, இந்த இலக்கத்தை வேறொரு கம்பனிக்குக் கொண்டுசெல்ல இயலாது. இருபது ஆண்டு பறந்தவரும் புதிய கம்பனியில் சேர்ந்தால் கடைசி ஆளாகவே தொடங்கவேண்டும். ஆகவே, பிடிக்காவிட்டால் வேறிடம் போகலாமே என்று தச்சனுக்கோ கணக்கருக்கோ சொல்வதுபோல விமானிக்குச் சொல்லிவிட முடியாது. மற்றது, ஒருவர் மேலேறினால் இன்னொருவர் கீழிறங்க வேண்டும். வேலைநிறுத்தத்தின்போது உள்ளே சென்றவருக்குக் கம்பனி உயர்பதவி கொடுத்தால், அப்பதவி வெளியே நிற்பவரின் கையிலிருந்தே எடுக்கப்படுகின்றது. ஏனைய தொழில்களில் கருங்காலி போராட்டத்தை மட்டும் பலவீனப்படுத்தக்கூடும். விமானத் தொழிலிலோ அவன் தோழனின் ஆசனத்திலேயே அமர்கின்றான். விமானிகளின் கோபம் இத்துணை நீடிப்பதற்கு இதுவே முதற் காரணம்.

சங்கம் எழுந்த வரலாறும் நினைவிற் கொள்ளத்தக்கது. அமெரிக்காவில் 1931ஆம் ஆண்டு டேவிட் பென்கே என்ற விமானியின் தலைமையில் விமானிகள் சங்கம் தோன்றியது. கெட்ட காலநிலையிலும் பறக்குமாறு விமானிகள் நெருக்கப்பட்ட காலம் அது. மறுத்த ஒருவரை நீக்கிவிட்டு, இணங்கிய மற்றொருவரை அமர்த்துவது முதலாளிக்கு எளிதாயிருந்தது. தனி ஒருவரின் மறுப்புக்கு வலிமை இல்லை; எல்லோரும் சேர்ந்து மறுக்கும்போதே அதற்கு வலிமை உண்டு. 1936இல் புகைவண்டித் தொழிலாளருக்கான சட்டம் விமானத் தொழிலுக்கும் விரிக்கப்பட்டது. அச்சட்டத்தின்படி உடனே வேலைநிறுத்தம் செய்தல் இயலாது. பேச்சுவார்த்தை, அரச மத்தியத்தரின் முயற்சி, அதன்பின் முப்பது நாட் பொறுத்திருத்தல் ஆகிய படிகளைக் கடக்க வேண்டும். ஆகவே வேலைநிறுத்தம் என்பது ஒரு நாட் சினத்தின் விளைவன்று. ஆயினும் அது தொடங்கிய பின்னர், உள்ளே சென்று வேலைசெய்ய விரும்புபவரைச் சட்டம் தடுப்பதுமில்லை. தெரிவு அவரவருடையதே.

அத்தெரிவு எவ்வளவு கொடியதாகலாம் என்பதை 1983ஆம் ஆண்டு அமெரிக்கா கண்டது. கட்டணத்தையும் பாதைகளையும் அரசு கட்டுப்படுத்திய முறை 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியபின், கம்பனிகளிடையே போட்டி கடுமையாயிற்று. பிராங்க் லொரன்சோ என்பவரின் தலைமையில் இருந்த கொன்ரினென்ரல் கம்பனி, 1983 செப்டெம்பர் 24ஆந் திகதி வங்குரோத்துச் சட்டத்தின் பாதுகாப்பை நாடியது. தொழிலாளருடன் செய்திருந்த ஒப்பந்தங்களை ஒதுக்கியது. ஏறக்குறைய 12,000 பேர் வேலைசெய்த இடத்தில் மூன்றில் ஒரு பங்கினரை மட்டும் மீண்டும் அழைத்து, சில நாட்களிலேயே பறக்கத் தொடங்கியது. விமானிகளின் சம்பளம் ஏறக்குறைய அரைவாசியாகியது. ஒக்டோபர் 1ஆந் திகதி விமானிகள் வேலைநிறுத்தம் செய்தனர்.

முதலில் சிலர் மறியல் வரிசையைக் கடந்து உள்ளே சென்றனர். பின்னர் பலர் சென்றனர். அவர்களெல்லாம் பேராசை கொண்டவர்களென்று சொல்லிவிடுதல் நியாயமன்று. கம்பனி மூடப்பட்டால் எவருக்குமே வேலை இல்லை என்று சிலர் எண்ணினர். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் சிலரை உந்தின. வெளியே நின்றவருக்கும் கடனும் பிள்ளைகளும் இருந்தன என்பதே அவர்களுக்குக் கிடைத்த மறுமொழி. போராட்டம் இரண்டு ஆண்டு நீடித்து, 1985 ஒக்டோபரிலேதான் முடிந்தது. திரும்பிவந்தவருக்குக் கிடைத்தது என்ன? தலைமை விமானிப் பதவிகளில் முதல் 100 இடம் உள்ளே வேலைசெய்தவருக்கு. அடுத்த 70 இடம் வேலைநிறுத்தம் செய்தவருக்கு. அதற்குப் பிறகு ஒன்றுக்கொன்று மாறிமாறி. சங்கம் கையொப்பமிட்ட இணக்கம் இது.

விசுவாசமாக நின்றவர்கள் இப்பொழுது சங்கத்தின் மீதே வழக்குத் தொடுத்தனர். நிபந்தனையின்றிச் சரணடைந்திருந்தாலும் இதைவிட நல்ல நிலை கிடைத்திருக்கும் என்று வாதாடினர். 1991இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தன் உறுப்பினரை நேர்மையாகப் பிரதிநிதித்துவம் செய்யும் கடமை சங்கத்துக்கு உண்டு. பேரம் பேசும் வேளையிலும் அக்கடமை நீங்குவதில்லை. ஆனால் சங்கம் செய்த இணக்கம் அறிவுக்கு ஒவ்வாததென்று சொல்லத்தக்கதாய் இல்லாவிடின் நீதிமன்றம் தலையிடாது என்றது. விசுவாசத்தைக் கேட்கும் உரிமை சங்கத்துக்கு உண்டெனின், அதற்கு ஈடான கடமையும் உண்டென்பது அத்தீர்ப்பால் உறுதியாயிற்று. அக்கடமையை மீறினாரென்று நாட்டுவது எளிதன்று என்பதும் தெளிவாயிற்று.

இதற்கு நேர்மாறான காட்சி 1985 மே மாதத்தில் யுனைற்றெட் கம்பனியில் தோன்றியது. புதிதாகச் சேரும் விமானிகளுக்குக் குறைந்த சம்பளப் படியொன்றை நிருவாகம் விதிக்க முயன்றது. வேலைநிறுத்தம் வரலாமென எதிர்பார்த்து 570 புதிய விமானிகளையும் பயிற்றி வைத்திருந்தது. மே 17ஆந் திகதி போராட்டம் தொடங்கியபொழுது, அந்த 570 பேரில் மிகப் பெரும்பாலோர் உள்ளே செல்ல மறுத்தனர். அவர்கள் இன்னும் ஒரு நாட் சம்பளமும் பெறாதவர்கள். சங்கத்திலும் சேராதவர்கள். சேவைமூப்பு இலக்கம்கூட இல்லாதவர்கள். உள்ளே சென்றிருந்தால் வேலை உறுதி. வெளியே நின்றால் எதுவும் உறுதியன்று. எவருடைய கட்டளையும் இன்றி, ஒவ்வொருவரும் தனித்தனியே தெரிந்தெடுத்த விசுவாசம் அது. தனிமனிதத் தெரிவும் ஒற்றுமையும் எப்பொழுதும் பகைப்பொருள்கள் அல்ல என்பதற்கு இதனிலும் நல்ல சான்று காண்டல் அரிது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அப்போராட்டத்தில் சம்பளம் பற்றி விரைவிலேயே பெரிதும் உடன்பாடு ஏற்பட்டது. ஆயினும் வேலைநிறுத்தம் 29 நாள் நீண்டது. காரணம், அந்த 570 பேரின் கதி என்ன, உள்ளே சென்றவர்களுக்கு எந்த இடம் என்ற வினாக்களே. பின்பு நீதிமன்றத்தின் தீர்ப்பினால் அப்புதியவர்களுக்கு வேலை கிடைத்தது.

சட்டம் எப்பொழுதும் உறுதியாய் நின்றவரின் பக்கமே நின்றதென்று எண்ணற்க. ரி. டபிள்யூ. ஏ. கம்பனியின் விமானப் பணியாளர் 1986இல் வேலைநிறுத்தம் செய்தனர். அதைப் பற்றிய வழக்கில் 1989இல் உயர் நீதிமன்றம் கூறியது வேறு: போராட்டத்தின்போது உள்ளே சென்ற இளையவரை, போராட்டம் முடிந்ததும் மூத்தவருக்காக இடம்விட்டு விலக்கவேண்டிய கட்டாயம் கம்பனிக்கு இல்லை என்பதே அது. அதன் விளைவு யாதெனில், முதலில் கடப்பவனுக்குச் சட்டமே பரிசளிக்கின்றது. கடைசிவரை நிற்பவன் கடைசி இடத்தை அடைகின்றான். இத்தகைய நிலையில் தெரிவு சுதந்திரமானது என்று சொல்வது பாதி உண்மையே. ஒருவர் கடந்துவிடுவாரோ என்ற அச்சமே மற்றவரையும் கடக்கச் செய்யும்.

அதே 1989ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய உள்நாட்டு விமானிகள் 29.47 சதவீதச் சம்பள உயர்வு கேட்டனர். சம்பள உயர்வுக்குத் தேசிய வரம்பு வகுத்திருந்த பிரதமர் பொப் ஹோக்கின் அரசாங்கம் அதனை எதிர்த்தது. நட்டஈட்டு வழக்குகளுக்கு அஞ்சிய விமானிகள் ஓகஸ்ட் 24ஆந் திகதி கூட்டாக இராசினாமாச் செய்தனர். அவர்கள் 1,600 பேருக்கு மேற்பட்டோர். அரசாங்கம் விமானப் படையின் விமானங்களைப் பயணிகளுக்காகப் பறக்கவிட்டது. கம்பனிகள் சங்கத்துடன் பேசாமல், ஒவ்வொரு விமானிக்கும் தனித்தனி ஒப்பந்தத்தை நீட்டின. இங்கே தனிமனிதத் தெரிவு என்பது போராட்டத்தை உடைக்கும் கருவியாயிற்று. தனி ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர் சுதந்திரமாக நடந்தாரா, அன்றித் தனிமைப்படுத்தப்பட்டாரா? பலர் திரும்பவே இல்லை. பிற நாடுகளுக்குச் சென்று பறந்தனர்.

எனினும் விசுவாசம் எப்பொழுதும் நன்மையிலேயே முடியும் என்று கூறவும் இயலாது. 1989 மார்ச் மாதத்தில் ஈஸ்ரேண் கம்பனியின் இயந்திரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது விமானிகளும் அனுதாப வேலைநிறுத்தம் செய்தனர். நவம்பரில் விமானிகள் அதனைக் கைவிட்டனர். அதற்குள் அவர்களுடைய இடங்கள் பலவற்றில் வேறு விமானிகள் அமர்ந்துவிட்டனர். 1991 ஜனவரியில் கம்பனியே மூடப்பட்டது. பிறருக்காக நின்ற பெருமை அவர்களுக்கு உண்டு. அப்பெருமைக்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. போராடுக என்று சொல்லும் தலைவர்கள் அவ்விலையை முன்கூட்டியே எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

இனி, கடைசியாக ஒன்று. பயணிகளாகிய நம்மையும் இவ்வினா தொடுகின்றது. 1978 டிசெம்பர் 28ஆந் திகதி யுனைற்றெட் விமானமொன்று போட்லண்ட் நகருக்கு அருகே எரிபொருள் தீர்ந்து வீழ்ந்து 10 பேர் மாண்டனர். சில்லுகளிலே கருத்தூன்றியிருந்த தலைமை விமானிக்கு, எரிபொருள் அருகுவதை உடனிருந்தோர் போதிய அழுத்தத்துடன் சொல்லவில்லை. அவ்விபத்தின் பின்னர், தலைவரும் துணைவரும் தடையின்றிப் பேசிப் பழகுவதற்கான பயிற்சியை அக்கம்பனி 1981இல் தொடங்கியது. விமானி அறையிலே பேச்சு நின்றுவிடுதல் ஆபத்தானது.

ஆனால் வேலைநிறுத்தங்களுக்குப் பின் நடந்தது யாது? கடந்தவரின் பெயர்கள் பட்டியலாக அச்சிடப்பட்டன. அவர் கைகொடுத்தால் கை நீளாது. வேறு கம்பனியின் விமானத்தில் விமானி அறையின் உதிரி ஆசனத்தை அவர் கேட்டால் மறுக்கப்படும். கடமைக்குரிய சொற்களன்றி வேறு சொல் அவருடன் பேசாதோரும் இருந்தனர். 2010ஆம் ஆண்டு கொன்ரினென்ரலும் யுனைற்றெட்டும் ஒன்றாயின. 1983இல் உள்ளே சென்றவரில் எஞ்சியிருந்தோரும், 1985இல் வெளியே நின்றவரில் எஞ்சியிருந்தோரும் பின்பு ஒரே சேவைமூப்புப் பட்டியலில் இடம்பெற்றனர். அடுத்தடுத்த ஆசனங்களில் அமர்ந்து ஒரே விமானத்தை ஓட்டவேண்டிய நிலை உண்டாயிற்று.

முடிவாகக் கூறத்தக்கது இதுவே. வாக்கெடுப்பில் தோற்றவரும் கூட்டத்தின் முடிவுக்குக் கட்டுப்படுதல் முறை. சங்கம் ஈட்டிய நன்மையைப் பெற்றுக்கொண்டு, அதற்குரிய துன்பத்தை மட்டும் பிறர் தோளில் ஏற்றுதல் நேர்மையன்று. அதிலும், தோழனின் ஆசனத்தைப் பெறுவதற்காகக் கடந்துசெல்லல் ஒருபோதும் நேர்மையாகாது. ஆனால் அவ்வாறு கேட்கும் சங்கம், மறைவற்ற வாக்கெடுப்பு விளக்கத்தையும், எதிர்த்துப் பேசுவோருக்குச் செவியையும், முடியாத போராட்டத்தை முடித்துக்கொள்ளும் துணிவையும் உடையதாயிருத்தல் வேண்டும். மறியல் வரிசையிலே ஒருவனைக் கருங்காலி என்று அழைக்கும் உரிமை வெளியே நின்று பட்டினி கிடந்தவனுக்கு உண்டு. அச்சொல்லை விமானி அறைக்குள் கொண்டுசெல்லும் உரிமையோ எவருக்கும் இல்லை. ஏனெனில் கதவுக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் பயணிகள் அந்தப் போராட்டத்தில் வாக்களித்தவர்கள் அல்லர்.