சுந்தரியும் ஒரு 'இருந்தாலும்'-உம்

ஒரத்தநாட்டுப் பக்கம் பெண் குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் வாயில் இன்றும் வரும் வார்த்தை: "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா."

பாராட்டுதான். ஆனால் அந்த 'இருந்தாலும்' பிள்ளையோடு சேர்ந்தே வளர்கிறது. வயசுக்கு வந்ததும் கடலை மாவும் கஸ்தூரி மஞ்சளுமாக வரும். வரன் பார்க்கும்போது, ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரில் வெளுத்துத் தரும் போட்டோவாக வரும். குறுவைக்கும் சம்பாவுக்கும் வெயிலில் குனிந்து நாற்று நட்ட அம்மாவின் நிறம் அது. அதை மறைக்கத்தான் இத்தனை பாடு.

2021 பிப்ரவரியில் சன் டிவியில் 'சுந்தரி' சீரியல் தொடங்கியபோது, இந்த 'இருந்தாலும்'-ஐக் கேட்டு வளர்ந்த பெண்கள் அதில் தங்கள் முகத்தையே பார்த்தார்கள். கலெக்டராகத் துடிக்கும் கிராமத்துக் கறுப்புப் பெண். நிறத்தைக் காட்டி ஒதுக்கும் கணவன். சுந்தரியாக நடித்த கேப்ரியெல்லா செல்லஸ் இயல்பிலேயே கறுப்பு. சாதாரண விஷயமில்லை இது. 2019-இல் வந்த 'ஐரா' படத்தில் சிறு வயது பவானியாக நடித்தவரும் இவர்தான். பவானி வளர்ந்ததும் நயன்தாரா வந்தார், முகத்தில் கறுப்பு மேக்கப்போடு. கறுப்பான நாயகி வேண்டும், ஆனால் கறுப்பான நடிகை வேண்டாம் என்பதுதான் நெடுநாள் வழக்கம்.

அதே 2019-இல் விஜய் டிவியில் தொடங்கிய 'பாரதி கண்ணம்மா'வும் நிறத்தில்தான் ஆரம்பித்தது. பிறகு கதை கணவனின் சந்தேகத்துக்குத் தாவிவிட, கண்ணம்மா பையோடு நடந்த நடைதான் மீம்ஸாக மிஞ்சியது.

சீரியலுக்கு வெளியே போராட்டம் முன்பே தொடங்கியிருந்தது. சென்னையின் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009-இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' பிரசாரத்தை ஆரம்பித்தது. 1975 முதல் விற்ற 'ஃபேர் அண்ட் லவ்லி' க்ரீம் 2020-இல்தான் பெயரிலிருந்த 'ஃபேரை' எடுத்தது. டியூப் இன்னும் பெட்டிக்கடையில் தொங்குகிறது.

சுந்தரி கடைசியில் கலெக்டர் ஆனாள். பார்த்தவர்களுக்கு நெஞ்சு நிறைந்தது, நிறையட்டும். ஆனால் அங்கேயும் அந்த 'இருந்தாலும்' ஒளிந்திருக்கிறது: கறுப்பா இருந்தாலும் கலெக்டர். ஐ.ஏ.எஸ். எழுதாத கறுப்புப் பெண்ணின் கதையை யார் எடுப்பார்கள்? அரிசி ஆலைக்கு வேலைக்குப் போகிறவள், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தையல் மிஷின் போட்டிருக்கிறவள் காதலித்து, சண்டை போட்டு, கல்யாணம் பண்ணிக்கொண்டு வாழ வேண்டும். அவள் நிறத்தைப் பற்றி ஒரு எபிசோடிலும் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. அந்த சீரியல் இன்னும் வரவில்லை.