கேத்தியின் பாதிக் கதை

எமிலி ப்ரான்டேயின் 'வுதரிங் ஹைட்ஸ்' நாவல், இங்கிலாந்தில் ஏ-லெவல் ஆங்கிலம் எடுக்கிற பிள்ளைகள் சிலருக்குப் பாடப்புத்தகம். மற்ற நாடுகளிலும் வாசிக்கிற பழக்கமுள்ள பிள்ளை பதினாறு, பதினேழு வயதில் எங்கேயாவது இதைக் கையில் எடுத்துவிடும். 34 அத்தியாயங்கள், 1847ஆம் வருஷத்து ஆங்கிலம், போதாததற்கு ஒரே பெயரில் இரண்டு பேர். "புக் எதுக்கு, படத்தைப் பார்த்தா போதாதா?" என்று கேட்கத்தான் செய்வார்கள்.

படம் என்றதும் பெரியவர்கள் இன்னும் சொல்வது 1939இல் வில்லியம் வைலர் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படத்தைத்தான். பாருங்க. பிள்ளைகளோடு உட்கார்ந்தே பாருங்க, இரண்டு மணி நேரம்கூட இல்லை. ஆனால் அந்தப் படம் நாவலிலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துவிட்டது. வெளிநாட்டில் பிறந்து, வெளிநாட்டிலேயே பிள்ளை வளர்க்கிற நமக்கு அந்த இரண்டும்தான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் கதை. யார்க்ஷயரில் காற்றும் புதரும் தவிர வேறொன்றும் இல்லாத மேட்டு நிலத்தில் ஒரு பண்ணை வீடு. அதன் சொந்தக்காரர் எர்ன்ஷா லிவர்பூல் போய்த் திரும்பும்போது, தெருவில் கிடந்த ஓர் அநாதைப் பையனைக் கூட்டிவருகிறார். அவன்தான் ஹீத்கிளிஃப். மகள் கேத்தி அவனோடு ஒட்டிக்கொள்கிறாள். மகன் ஹிண்ட்லிக்கு அவனைக் கண்டாலே ஆகாது. அப்பா கண்ணை மூடியதும், கூட வளர்ந்தவனை வேலைக்காரனாக்கிவிடுகிறான். கேத்தி ஹீத்கிளிஃபை நேசித்துக்கொண்டே, பக்கத்துப் பணக்கார வீட்டு எட்கர் லிண்டனைக் கட்டிக்கொள்கிறாள். காணாமல் போன ஹீத்கிளிஃப் கைநிறையப் பணத்தோடு திரும்பி வருகிறான், பழிவாங்க.

படத்தில் கேத்தியாக மெர்ல் ஓபரான், ஹீத்கிளிஃபாக லாரன்ஸ் ஆலிவியர். மேடை நடிகராக இருந்த ஆலிவியர், சினிமாவுக்கு எப்படி நடிப்பது என்று தனக்குக் கற்றுக்கொடுத்தவர் வைலர்தான் என்று பிறகு சொல்லியிருக்கிறார். ஒளிப்பதிவு கிரெக் டோலண்ட். மெழுகுவர்த்தி வெளிச்சமும் ஜன்னலில் மோதும் பனியும் இன்றைக்கும் கண்ணை விட்டுப் போகாது. எட்டு ஆஸ்கார் பரிந்துரைகளில் கிடைத்த ஒரே விருது அவருக்குத்தான். ('கான் வித் த விண்ட்' வந்த வருஷம் அது, வேறு யாருக்கு என்ன மிஞ்சும்?) யார்க்ஷயர் என்று நாம் பார்ப்பது கலிபோர்னியா மலைகள். கடைசியில் காதலர்கள் இருவரும் ஆவியாகக் கைகோத்து நடந்துபோகும் காட்சியைத் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் பிடிவாதமாகச் சேர்த்தார். வைலர் எடுக்க மறுத்ததால் வேறொருவரை வைத்து, டூப் நடிகர்களைக் கொண்டு எடுத்தார்கள். எனக்கும் அந்தக் காட்சி பிடிக்காது.

இனி எடுத்துவிட்ட விஷயத்துக்கு வருவோம். நாவலில் ஹீத்கிளிஃபைப் பார்க்கிற பலரும் அவன் கறுப்பாக இருப்பதைச் சொல்கிறார்கள். லிண்டன் வீட்டுப் பெரியவர், இவன் லஸ்கார் பையனோ என்று சந்தேகப்படுகிறார். பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை செய்த இந்திய, ஆசிய மாலுமிகளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கதை நடக்கும் காலத்தில் லிவர்பூல் அடிமை வியாபாரத்தில் கொழித்த துறைமுகம். அவன் எந்த ஊர், எந்த இனம் என்று எமிலி கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் அவனைக் கேவலப்படுத்துகிறவர்கள் வறுமையை மட்டும் பார்க்கவில்லை, நிறத்தையும் பார்க்கிறார்கள். படத்தில் வெள்ளைக்காரர் ஆலிவியர் நடித்ததும் அந்தக் கேள்வியே காணாமல் போய்விட்டது. "ஜிப்ஸி" என்று திட்டுவார்கள், அவ்வளவுதான். 2011இல் ஆண்ட்ரியா ஆர்னால்ட் எடுத்த படத்தில்தான் கறுப்பின நடிகர் ஒருவர் ஹீத்கிளிஃப் ஆனார்.

ஆனால் 1939 படத்தில் நிறத்தை மறைத்துக்கொண்டு ஒருவர் நடித்தார். அது கேத்தி.

மெர்ல் ஓபரான் 1911இல் பம்பாயில் பிறந்தவர், கல்கத்தாவில் வளர்ந்தவர். அவரை வளர்த்த சார்லட் இலங்கையில் பிறந்தவர், கலப்பு வம்சத்துப் பெண். மெர்ல் அவரைத்தான் அம்மா என்று நினைத்தார். அக்கா என்று சொல்லப்பட்ட கான்ஸ்டன்ஸ்தான் பெற்ற தாய் என்பது பிறப்புச் சான்றிதழிலிருந்து பிறகு தெரிந்தது. அப்படியானால் சார்லட் பாட்டி. பதினேழு பதினெட்டு வயதில் மெர்ல் லண்டன் போய், சினிமாவில் பெயர் வந்ததும், அவர் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்த வெள்ளைக்காரப் பெண் என்று ஸ்டூடியோக்காரர்கள் ஒரு கதை கட்டினார்கள். ஏன் டாஸ்மேனியா? யாரும் போய் விசாரிக்க முடியாத தூரம்.

சார்லட்டும் கூடவேதான் இருந்தார். விருந்தாளிகள் வந்தால் அவர் வேலைக்காரி. தூக்கி வளர்த்தவரை வேலைக்காரி என்று அறிமுகப்படுத்துவது எப்படி இருந்திருக்கும்? அவர் 1937இல் இறந்த பிறகு, பழைய போட்டோவை வைத்து அவரை ஓவியமாக வரையச் சொன்ன மெர்ல், தோலின் நிறத்தை வெளுப்பாக்கச் சொன்னாராம்.

கோபம் வருகிறது, இல்லையா? ஆனால் அந்தக் காலத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்க. 1917 சட்டப்படி இந்தியாவிலிருந்து அமெரிக்காவில் போய்க் குடியேற முடியாது. இந்தியர்கள் வெள்ளையர் அல்ல, அதனால் குடியுரிமை கிடையாது என்று 1923இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. உண்மையைச் சொல்லியிருந்தால் கேத்தி வேஷம் கிடைத்திருக்காது, முத்தக் காட்சி நிச்சயமாகக் கிடைத்திருக்காது. மெர்ல் 1979இல் இறக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. 2023இல் மிஷெல் யோ ஆஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டபோதுதான், சிறந்த நடிகைக்கான பட்டியலில் இடம்பிடித்த முதல் ஆசிய வம்சத்துப் பெண் 1935 படத்துக்காக மெர்ல் ஓபரான் என்று பத்திரிகைகள் நினைவுபடுத்தின.

இதைத் தெரிந்துகொண்டு படத்தைப் பார்த்தால் ஓர் இடத்தில் திக்கென்று இருக்கும். சிறு வயதில் கேத்தி ஹீத்கிளிஃபுக்கு ஒரு கற்பனைக் கதை சொல்வாள்: உன் அப்பா சீனச் சக்கரவர்த்தி, உன் அம்மா இந்திய ராணி. அந்தக் கேத்தி வளர்ந்து மெர்ல் ஓபரான் ஆகிறாள்.

இரண்டாவது விஷயம், பிள்ளைகள். நாவலில் கேத்தி சாவது ஏறக்குறைய பாதியில், 16ஆம் அத்தியாயத்தில். ஒரு பெண் குழந்தையைப் பெற்றுப்போட்டுவிட்டுச் சாகிறாள். படம் அங்கேயே முடிந்துவிடுகிறது, அந்தக் குழந்தையும் இல்லை. ஹிண்ட்லியின் மகன் இல்லை, ஹீத்கிளிஃபின் மகன் இல்லை. அதனால் படம் ஒரு பெரிய காதல் கதையாக நிற்கிறது. நாவலின் மீதிப் பாதியோ, பெரியவர்களின் பழைய கணக்கைத் தீர்க்கப் பிறந்த மூன்று பிள்ளைகளின் கதை. தாங்கள் பார்க்காத சண்டைக்காக அவர்கள் அடிபடுகிறார்கள். ஹீத்கிளிஃப் தன் நோயாளி மகனுக்குக் கேத்தியின் மகளை மிரட்டிக் கட்டிவைத்து, சொத்தைப் பிடுங்குகிறான். இந்தப் பாதியைத் தெரிந்தவர்களால் ஹீத்கிளிஃபைக் காதல் நாயகன் என்று சொல்லவே முடியாது. நம் பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், 1939 படத்தோடு நின்றுவிடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். வாசிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால், ரேஃப் ஃபைன்ஸ் நடித்த 1992 படம் இருக்கிறது. அதில் இரண்டு தலைமுறையும் வரும், ஜூலியட் பினோஷ் அம்மாவாகவும் மகளாகவும் நடித்திருக்கிறார்.

அந்த மூன்று பேரில் என் மனதில் நிற்பவன் ஹிண்ட்லியின் மகன் ஹேர்ட்டன். தன்னை ஹிண்ட்லி எப்படி ஆக்கினானோ, அப்படியே அவன் மகனை ஆக்குகிறான் ஹீத்கிளிஃப். அடித்துக்கூட அல்ல, எழுத்துக் கற்றுக்கொடுக்காமல் விட்டு. அந்த வீட்டு வாசலுக்கு மேலே 1500 என்று வருஷத்தையும், வீட்டைக் கட்டிய முன்னோரின் பெயரையும் செதுக்கியிருக்கிறது. அந்தப் பெயரும் ஹேர்ட்டன் எர்ன்ஷாதான். தன் பெயரையே தாங்கி நிற்கும் கதவு வழியாகத் தினமும் போய்வருகிறான், வாசிக்கத் தெரியாது. தானாகத் தட்டுத்தடுமாறி எழுத்துக் கூட்டக் கற்று, ஒருநாள் கேத்தியின் மகளிடம் வந்து பெருமையாக அந்தப் பெயரை வாசித்துக் காட்டுகிறான். அந்த எண்? அது தெரியவில்லை. அவள் சிரித்துவிடுகிறாள். வெட்கத்தில் போனவன் பிறகு ஒருநாள் புத்தகங்களையே தூக்கி நெருப்பில் போடுகிறான். வெகுநாள் கழித்து, அவளே ஒரு புத்தகத்தை வெள்ளைத் தாளில் சுற்றி, ரிப்பன் கட்டி, அவனிடம் கொடுக்கச் சொல்லி அனுப்புகிறாள். வாங்கிக்கொண்டால் வந்து வாசிக்கக் கற்றுத்தருவேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, என்ன சொல்வானோ என்று காத்திருக்கிறாள்.