தண்ணீரில் நின்றும் செடி வாடுவது ஏன்?

மழை விட்ட மறுநாள் மிளகாய்ச் செடி தலை தொங்கினால், தாகம் என்றெண்ணி மடை திறப்பவர்கள் உண்டு. அது கேட்பது தண்ணீரல்ல, காற்று. நமது நுரையீரலில் சேரும் பிராணவாயுவை இரத்தம் உள்ளங்கால் வரை கொண்டு சேர்க்கிறது. செடிக்கு இருதயமும் இல்லை, இரத்தமும் இல்லை. வேர் தனக்கு வேண்டிய காற்றை மண்ணின் இடுக்குகளிலிருந்து தானே பெற வேண்டும். அங்கே நீர் நிறைந்தால் மூச்சுத் திணறி, காலடியில் உள்ள நீரைக்கூட உறிஞ்ச முடியாமல் போகும். நெற்பயிர் தப்புவது, தண்டிலிருந்து வேர்வரை காற்றறைகள் இருப்பதால். மிளகாய்க்கு அந்த வசதி கிடையாது. 2 நாள் தேங்கினாலே வேர் அழுகத் தொடங்கும். உடனே வடிகால் வெட்டுங்கள். மண் பொருபொருத்ததும் மேலாகக் கொத்திவிடுங்கள். உரம் அதன் பிறகுதான்.