முதிய நாயின் ஆயுளைக் கூட்ட மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

ஹைதராபாத்தின் மௌலா அலியில் ரயில்வே குடியிருப்புகளிலும் ஹெச்.பி. காலனியிலும் பத்து வயதைத் தாண்டிய பொமரேனியனோ லாப்ரடாரோ வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவர்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “இன்னும் ரெண்டு மூணு வருஷம் நல்லா இருக்க ஏதாவது மருந்து இருக்கா டாக்டர்?”

அந்தக் கேள்வியில் எவ்வளவு பாசம் இருக்கிறது! ஆனால் அதற்கான பதிலில் பெரும்பகுதி நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டில்தான் இருக்கிறது.

தட்டைக் குறைத்தால் ஆயுள் கூடும்

அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுவதும் கவனித்த ஓர் ஆய்வு 2002இல் வெளியானது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, அதில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்தார்கள். வயிறார உண்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு. அளவாக உண்டவற்றுக்கு அது 13 ஆண்டு. மூட்டு வலிக்கு மருந்து தேவைப்பட்டதும் அவற்றுக்குத் தாமதமாகத்தான். நாயின் ஆயுளைக் கூட்டும் வழிகளில் இவ்வளவு தெளிவான சான்று உள்ளவை மிகக் குறைவு.

நாம் என்ன செய்கிறோம்? காலையில் டீயோடு பிஸ்கட், மதியம் தயிர்சாதம், சாயங்காலம் பேரன் ஊட்டும் ரொட்டி. பாசத்தால் தருவதுதான், மறுக்கவில்லை. என்றாலும் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது இது: “இவன் எடை எவ்வளவு இருக்கணும்? ஒரு நாளைக்கு எத்தனை கிராம் போடலாம்?” விலா எலும்பைத் தடவினால் கைக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். ஏற்கெனவே மெலிந்துவரும் கிழநாய்க்கு மட்டும் உணவைக் குறைக்கக் கூடாது. மெலிவுக்குப் பின்னால் சிறுநீரகக் கோளாறோ கட்டியோ இருக்கலாம்.

“வயசாயிடுச்சு” என்று விட்டுவிடாதீர்கள்

படியேறத் தயங்குவது, ராத்திரியில் காரணமில்லாமல் குரைப்பது, தண்ணீர் அதிகமாகக் குடிப்பது, வாய் நாறுவது, இருமுவது. இவற்றையெல்லாம் முதுமையின் கணக்கில் எழுதிவிடுகிறோம். இவற்றில் பல, சிகிச்சை உள்ள நோய்களின் அறிகுறிகள். வீட்டில் நொண்டும் நாய் மருத்துவமனை மேசையில் பயத்தில் நிமிர்ந்து நிற்கும். அதனால் நடப்பதையும் இருமுவதையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போங்கள்.

பொமரேனியன் போன்ற சிறிய நாய்களுக்கு வயதானால் இதய வால்வு கெடுவது சகஜம். இருமலும் அதற்கு ஓர் அறிகுறியாகலாம். தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். தொடர்ந்து 30க்கு மேல் போனால் அன்றே மருத்துவரை அழையுங்கள். இதயம் பெருத்திருந்தும் அறிகுறி தோன்றாத நாய்களுக்கு பிமோபென்டான் மாத்திரை கொடுத்தபோது, இதயச் செயலிழப்பு சுமார் 15 மாதம் தள்ளிப்போனதாக 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. நேரத்தோடு கண்டுபிடித்தால்தான் இந்தப் பலன் கிடைக்கும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம், பல் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உண்ணிக் காய்ச்சல் பரிசோதனையும் தேவையா என்று விசாரியுங்கள். அது வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் ரத்தத் தட்டணுக்களைக் குறைத்துக்கொண்டிருக்கும். கருத்தடை செய்யாத பெண் நாயென்றால் கர்ப்பப்பையில் சீழ் கட்டும் அபாயத்தையும் கேட்க வேண்டும்.

வெயிலும் மாத்திரையும்

மௌலா அலி பாறை பூமி. ஏப்ரல், மே மாதங்களில் சூரியன் மறைந்த பிறகும் பாறையும் சிமென்ட் தரையும் சுடும். புறங்கையைத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு நாயை இறக்குங்கள். விடியுமுன் நடப்பதே நல்லது.

வலிக்கிறதே என்று பாரசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஈரல், குடல், சிறுநீரகம் பாழாகி நாய் உயிரையே இழக்கலாம். நாய்களுக்கென்றே பாதுகாப்பான வலி மருந்துகள் இருக்கின்றன.

ஆயுள் மாத்திரை வருகிறதா?

அமெரிக்காவின் லாயல் நிறுவனம் பத்து வயதைக் கடந்த நாய்களுக்காக லாய்-002 என்ற மாத்திரையை உருவாக்கிவருகிறது. அது பலன் தரும் என எதிர்பார்க்க நியாயமான ஆதாரம் இருப்பதாக அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 பிப்ரவரியில் ஏற்றுக்கொண்டது. விற்பனைக்கான அனுமதி அதுவல்ல. ராபமைசின் என்ற மருந்தும் நாய்களிடம் சோதிக்கப்படுகிறது. மனிதருக்கான ராபமைசினை மருந்துக்கடையில் வாங்கிக் கொடுக்க யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

செலவைப் பேசக் கூச்சம் வேண்டாம்

“இவ்வளவுதான் முடியும், எந்தப் பரிசோதனை முதலில் அவசியம்?” என்று நேரடியாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் வரிசைப்படுத்தித் தருவார். நாராயணகூடாவில் அரசு கால்நடை மருத்துவமனையும், ராஜேந்திரநகரில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உள்ளன. பெரிய பரிசோதனை தேவைப்பட்டால் அங்கே என்னென்ன வசதி உண்டு என்று உங்கள் மருத்துவரிடமே விசாரித்து, இரவில் அவசரமென்றால் எங்கே போவது என்பதையும் நாய் நன்றாக இருக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.