இறைபணி நிற்றலும் மாணாக்கர் தொண்டும்

சமயநம்பிக்கை உடைய இளைஞர் சமூக அநீதியை எதிர்த்து நிற்றல் சமயநெறிக்கு இயைவதோ, அன்றி வெறும் உலகியற் பூசலோ என வினவுவார் உளர். அமெரிக்க நாட்டு நாஷ்வில் நகரத்து நிகழ்ச்சியொன்று இவ்வையம் நீங்குதற்குத் துணைசெய்யும்.

அந்நாட்டுத் தென்பகுதியில், பெருங்கடைகளின் உண்ணுமிடங்களிற் கறுப்பினத்தார் வெள்ளையரோடு ஒருங்கமர்ந்து உண்ணலாகாது என்னும் வழக்கம் நெடுங்காலம் நிலவிற்று. ஜேம்ஸ் லாசன் என்னும் கறுப்பினக் கிறித்தவத் தொண்டர் 1953-இல் நாகபுரிக்கு வந்து, ஹிஸ்லாப் கல்லூரியிற் பணியாற்றிக் காந்தியடிகளின் அறப்போர் முறையை ஆராய்ந்தார். தாயகம் மீண்டபின், நாஷ்வில்லில் தேவாலயமொன்றன் நிலவறையிற் கல்லூரி மாணாக்கரைக் கூட்டிப் பயிற்றினார். வைதலும் அடித்தலும் தம்முள் நடித்துக் காட்டி, அவற்றைச் சினவாது பொறுக்க அம்மாணாக்கர் பழகினர். 1960 பிப்ரவரி 13 முதல் அவ்வுண்ணுமிடங்களில் அமர்ந்து உணவு வேண்டினர், அடியுண்டனர், சிறைப்பட்டனர், எதிர்த்துக் கையோங்கிலர். அவருள் ஜான் லூயிஸ் சமயக் கல்லூரி மாணாக்கர். டயேன் நாஷ் ஃபிஸ்க் பல்கலைக்கழக மாணவி. லாசனோ தாம் பயின்ற வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தினின்றும் நீக்கப்பட்டார். அவ்வாண்டு மே 10-இல் நகரத்துக் கடைகள் சில கறுப்பினத்தார்க்கும் உணவளிக்கத் தொடங்கின.

ஈண்டு ஒரு தடை எழும். அத்தீய வழக்கத்தைக் காத்து நின்றாருட் பலரும் அச்சமயத்தாரே, அத்திருநூலையே ஓதியவர். ஆகலின், நம்பிக்கை ஒன்றே அறச்செயலுக்குக் காரணமென்றல் அமையாது. பின்னர் வேறுபாடு யாதெனின், ஒருசாரார்க்கு அது குலப்பெருமைக்கு அரணாயிற்று. மற்றொருசாரார்க்கோ யானென்னும் முனைப்பை அடக்கும் பயிற்சியாயிற்று என்க.

சிவஞானபோதத்துப் பத்தாம் சூத்திரம், இறைபணியில் வழுவாது நிற்பாரை மலமும் மாயையும் வினையும் வந்து பற்றா என்று உணர்த்தும். அம்மாணாக்கர் கொள்கை வேறு. முப்பொருளியல்பு அவர் ஓதியறிந்ததன்று. இரண்டனையும் ஒன்றென்றல் பிழையாம். ஆயினும், சினமும் செருக்கும் கலந்தவழித் தொண்டும் கட்டாய் முடியும் என்னும் உண்மை அவர் ஒழுக்கத்தானும் விளங்குகின்றது. திருநாவுக்கரசு சுவாமிகள்பால் உழவாரப்பணியும் அரசாணைக்கு அஞ்சாமையும் ஒருங்கு நின்றன. தம்மை வருத்தினார்மேற் பகைமை நின்றதில்லை.

ஆதலின், தொண்டிற் புகும் மாணாக்கரை நோக்கி, நம்பிக்கை உடையையோ என வினவுதலோடு பெரியோர் கடன் முடியாது. மடங்களும் சைவ சபைகளும் அவர்க்குச் சாத்திரம் ஓதுவித்தலோடமையாது, சரியைத் தொண்டினும் பழக்குதல் வேண்டும். பழகாத நம்பிக்கை முதலடியிலேயே பகையாய்த் திரியும். பழகியதோ அடியுண்டும் அன்பாய் நிற்கும்.