மருந்துப் பையும் நியமனக் கடிதமும்

நெய்வேலி வாலிபர்களுக்கு உத்தியோகம் என்றால் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் உத்தியோகமே. 1956-ல் அந்நிறுவனம் தோன்றியபின் தந்தைமார் அங்கே பணியாற்றினர். பிள்ளைகளும் அவ்வாசலையே நோக்கி நிற்கின்றனர். சுரங்கத்திற்கு நிலம் ஈந்த கிராமத்தார் தம் மக்களுக்கு அங்கே நிலையான வேலை கேட்பது முழு நியாயம். அதைக் குறைத்துப் பேச நாம் முன்வரவில்லை. ஆயினும் ரசாயனத்திலும் உயிரியலிலும் பட்டம் பெற்று வீட்டில் காத்திருப்போர், மருந்துகளையும் ஆய்வுக்கூடச் சாதனங்களையும் விற்கும் தொழிலை ஏன் எண்ணிப் பார்க்கலாகாது?

விற்பவன் என்றதும் நம்மவர் முகம் சுளிப்பர். டாக்டரின் வாசலில் பையுடன் காத்திருக்கும் 'மெடிக்கல் ரெப்'புக்குப் பெண் கொடுக்கத் தயங்குவோரும் உண்டு. ஆசாரிய பிரபுல்ல சந்திர ரே சுதேசி மருந்துகளைச் செய்யத் தொடங்கிய காலத்தில், அவற்றை மருத்துவர்களிடம் எடுத்துச் சொல்லிப் பரப்பியவர் அவருடைய நண்பர் டாக்டர் அமூல்யசரண் போஸ். 1901-ல் கம்பெனியாகப் பதிவான பெங்கால் கெமிக்கல் அவ்வுழைப்பின் மேல் எழுந்ததே. இதில் என்ன இழிவு கண்டோம்?

நெய்வேலியில் இத்தொழிலுக்கு ஆஸ்பத்திரி மட்டுமே களமன்று. இங்கே வெட்டியெடுக்கும் நிலக்கரியில் ஏறக்குறையப் பாதி ஈரம். அவ்வீரத்தையும் சாம்பலையும் எரிதிறனையும் அளந்தறிய வேண்டும். கொதிகலனுக்குச் செல்லும் நீரில் சிலிக்கா மிகுந்தால் அது டர்பைன் இலைகளில் படிந்துவிடும். அதையும் சோதித்தவண்ணம் இருத்தல் அவசியம். இத்தகைய கருவியை விற்பவன் அதை நிறுவி, அளவு சரிபார்த்து, பழுதானால் ஓடிவர வேண்டும். இரத்தப் பரிசோதனை யந்திரங்களிலோ கதை வேறு: யந்திரத்தை இலவசமாகவே வைத்துவிட்டு, மாதந்தோறும் வாங்கவேண்டிய ரீஏஜென்ட்டில் லாபம் காணும் கம்பெனிகள் உள. வாய்ச் சாதுரியத்தைவிட ரசாயன அறிவே இங்கு சோறு போடும்.

நிற்க. இத்தொழிலின் இன்னல்களை நாம் மறைக்கப் போவதில்லை. மாத 'டார்கெட்' எட்டாவிட்டால் வேலையே ஆட்டம் காணும். மருந்துப் பிரதிநிதி தொழில் தகராறுச் சட்டத்தின் இலக்கணப்படி 'தொழிலாளி' அல்லர் என்று 1994-ல் ஸாண்டோஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அவருக்கு அச்சட்டத்தின் நிழல் கிடைப்பது, 1976-ல் இயற்றிய விற்பனை அபிவிருத்தி ஊழியர் சட்டத்தின் வழியாகவே என்றும் விளக்கிற்று. நியமனக் கடிதமும் ஊதியத்துடன் விடுமுறையும் உரிமையாயின அந்த 1976 சட்டத்தினால்தான். 2020-ல் பார்லிமெண்ட் அதைப் புதிய தொழிற் சட்டத் தொகுப்பில் அடக்கியது. கடிதமின்றிப் பையைத் தூக்குவோர் இவ்வரலாற்றை அறியாதவர்களே.

இன்னொரு விஷயம். டாக்டர்களுக்குப் பரிசும் உல்லாசப் பயணமும் அளிக்கலாகாது என்றும், இலவச மாதிரிகளின் மதிப்பு கம்பெனியின் வருஷாந்தர உள்நாட்டு விற்பனையில் நூற்றுக்கு 2-ஐத் தாண்டலாகாது என்றும் 2024 மார்ச்சில் மத்திய அரசாங்கம் விதிமுறை வெளியிட்டது. விதி நல்லதே, ஆனால் விசாரிக்கும் பொறுப்பை மருந்து உற்பத்தியாளர் சங்கங்களின் கமிட்டிகளிடமே விட்டிருப்பது பூனையைப் பாலுக்குக் காவல் வைத்ததை ஒக்கும். மேலதிகாரி வாயால் உத்தரவிடுவார்; பரிசைக் கையிற் கொண்டுபோய் அகப்படுபவன் நமது நெய்வேலிப் பையனாயிருப்பான். அத்தகைய உத்தரவை எழுத்தில் தரும்படி அவன் கேட்கட்டும். பண்ணுருட்டி, விருத்தாசலம், சிதம்பரம் இவற்றுள் எது தன் எல்லை, பயணப்படி எவ்வளவு, விற்காமல் திரும்பிய சரக்கின் நஷ்டம் யாருடையது என்பனவற்றையும் கையெழுத்திடுமுன் கேட்டுக்கொள்ளட்டும்.